ஆற்றுப்பாலத்தை ஏன் இரவில் கட்டுகிறார்கள்? கரையில் நின்று பார்ப்பவருக்கு ஒரு விளக்கம்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துக்கு அருகே, நான்கு வழிச்சாலைக்காகக் காவிரியின் கிளையாறு ஒன்றின் மேல் பாலம் கட்டுகிறார்கள். கேட்டவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளை அழைத்துக்கொண்டு போய்க் கரையில் நின்று அந்த வேலையைப் பார்த்து வருகிறார். பகலில் அடங்கிக் கிடக்கும் இடம் இரவு பத்து மணிக்கு மேல் விளக்கும் லாரியும் இரைச்சலுமாக மாறுவது ஏன், அங்கே நடப்பது என்ன, எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள். பாலப் பணிகளில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், ஒரு பாலத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட இரவுகளில்தான் முடிகிறது. திறப்பு விழாவுக்கு வருபவர்கள் அதில் எதையும் பார்ப்பதில்லை.

போக்குவரத்துக்கு இடையூறு கூடாது என்பதற்காகவே இரவில் வேலை செய்கிறார்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். கர்டர், அதாவது தூண்களுக்கு மேல் கிடத்தும் நீண்ட கான்கிரீட் உத்தரம், தூக்கி வைக்கும் இரவுகளுக்கு அந்தக் காரணம் பொருந்தும். ஆற்றுக்குள் நடக்கும் வேலைக்கு அது பொருந்தாது; அங்கே மறிப்பதற்குப் போக்குவரத்தே கிடையாது. டெல்டாவில் பால வேலையை இரவுக்குள் தள்ளுவது முதலில் தண்ணீர். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பதும் ஜனவரி 28ஆம் தேதி மூடுவதும் வழக்கம். ஆற்றில் தண்ணீர் வடிந்து மணல் தெரிந்த பிறகுதான், பைல் என்னும் அடித்தளத் தூணுக்குக் குழி துளைக்கும் ரிக் இயந்திரம் நிற்பதற்கு ஆற்றுக்குள் மண் மேடை போட முடியும். அடுத்த தண்ணீர் வருவதற்குள் அந்த மேடையை முழுவதும் அள்ளி எடுத்துவிடவும் வேண்டும். விட்டுவைத்தால் அது குறுக்கே கிடந்து நீரோட்டத்தை மறிக்கும். ஆக, ஒப்பந்தக்காரர் கையில் இருப்பது ஆண்டுக்கு நான்கு மாதம், மிஞ்சினால் நான்கரை மாதம். அதுவும் நிச்சயமில்லை. 2022இல் நல்ல நீர்வரத்தால் மே 24ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள். உழவருக்கு அது நல்ல செய்தி. ஆற்றுக்குள் அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கோ இரண்டரை வாரம் குறைந்துபோனது. இத்தனை குறுகிய காலத்தில் பகலை மட்டும் நம்பி வேலை செய்ய முடியாது.

இனி நீங்கள் பார்க்கும் வேலைக்கு வருகிறேன். உயரமான ரிக், பக்கத்தில் கிரேன், வரிசையாக மிக்சர் லாரிகள், சேற்று நிறத் தண்ணீர் ததும்பும் தொட்டி என்று நீங்கள் விவரித்திருப்பது பைல் கான்கிரீட் போடும் காட்சி. டெல்டாவில் பாறை கைக்கெட்டும் ஆழத்தில் இல்லை. மணலும் களியும் மாறி மாறிப் பல மீட்டருக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும். அதனால் பாலத்தின் எடையை, ஒரு மீட்டருக்கு மேல் விட்டமுள்ள கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, அவற்றின் மேல் சுமத்துகிறார்கள். ரிக் காலையில் துளைக்கத் தொடங்கும். ஈர மணலில் போடும் குழி தானாக நிற்காது, சரிந்துவிடும். அதைத் தாங்குவதற்குக் குழி நிறைய பென்டோனைட் என்னும் களிமண் கரைசலை நிரப்பி வைக்கிறார்கள். சேற்று நிறமாகத் தெரிந்தது அதுதான். உத்தேசித்த ஆழத்தை எட்டுவதற்குப் பெரும்பாலும் மாலையாகிவிடும். பிறகு குழியின் அடியைக் கழுவ வேண்டும். கம்பிக்கூட்டைக் கிரேனில் தொங்கவிட்டு இறக்க வேண்டும். கம்பி 12 மீட்டர் நீளத்தில்தான் வரும் என்பதால் ஒரு கூட்டைப் பாதி இறக்கி நிறுத்தி, அதன் தலையில் அடுத்த கூட்டை இணைத்து, மறுபடி இறக்க வேண்டும். இவையெல்லாம் முடியும்போது இரவு ஒன்பதோ பத்தோ ஆகியிருக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த நிலையில் விட்டுவிட முடியாது. கரைசலில் மிதக்கும் மணல் இரவு முழுதும் படிந்து குழியின் அடியில் ஒரு மெத்தையாகிவிடும். பைல் கெட்டியான மண்ணில் ஊன்றாமல் அந்த மெத்தையின் மேல் உட்காரும். பக்கவாட்டு மண்ணும் ஊறி இளகும். எனவே துளைத்த குழியை அன்று இரவே கான்கிரீட்டால் நிரப்பியாக வேண்டும்.

அந்த நீண்ட குழாயை ஏன் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்கிறார்கள் என்று உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மிக நல்ல கேள்வி. அந்தக் குழாய்க்கு ட்ரெமி என்று பெயர். கரைசல் நிறைந்த குழியில் கான்கிரீட்டை மேலிருந்து கொட்டினால் ஜல்லி தனியாக, சிமென்ட் பால் தனியாகப் பிரிந்துவிடும். அதனால் குழாயின் நுனியைக் குழியின் அடிவரை இறக்கி, மேலே உள்ள புனல் வழியாகக் கான்கிரீட்டை விடுகிறார்கள். முதலில் இறங்கும் கான்கிரீட் கரைசலை மேலே தள்ளிக்கொண்டு அடியில் நிற்கும். அதன் பிறகு வருவது அதற்குள்ளேயே புகுந்து எழும்ப வேண்டும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் இரண்டு மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். குறைவாகப் புதைந்திருந்தால், உருவும்போது நுனி கான்கிரீட்டை விட்டு வெளியே வந்துவிடலாம். அப்போது கரைசல் நடுவே புகுந்து பைல் இரண்டு துண்டாகிவிடும். அளவுக்கு மிஞ்சிப் புதைந்திருந்தால் கான்கிரீட் இறுகத் தொடங்கிக் குழாய் சிக்கிக்கொள்ளும். ஒருவர் எடை கட்டிய அளவுக்கயிற்றை அடிக்கடி குழிக்குள் விட்டுப் பார்ப்பதைக் கவனியுங்கள். கான்கிரீட் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை அவர் அளந்து சொன்ன பிறகே குழாயில் ஒரு துண்டைக் கழற்றுவார்கள். அந்த இரவின் மிக முக்கியமான ஆள் அவர்தான் என்பது என் கருத்து.

கரையில் நிற்கும் நீங்களும் ஒரு கணக்குப் பார்க்கலாம். 1.2 மீட்டர் விட்டமும் 30 மீட்டர் ஆழமும் உள்ள பைலுக்குக் கணக்குப்படி ஏறத்தாழ 34 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். சாதாரண மிக்சர் லாரி ஒன்று 6 கன மீட்டர் கொண்டுவரும். ஆக, ஆறு லாரி. மணலில் குழி சற்று அகன்றுதான் போகும் என்பதால் ஏழாவது லாரியும் வருவது இயல்பு. அதற்கு மேலும் லாரிகள் வந்துகொண்டே இருந்தால், குழியின் பக்கம் எங்கோ சரிந்து பெரிய பொந்து விழுந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். கணக்கைவிடக் குறைவாகவே குடித்து நிரம்பிவிட்டதென்றால் அதுதான் கவலைக்குரியது. எங்கோ பைல் மெலிந்துபோயிருக்க வேண்டும். இந்த அளவைச் சைட்டில் இருப்பவர்களும் லாரி லாரியாக எழுதி வைப்பார்கள். கடைசியில் கான்கிரீட் மேலே வரும்போது முதலில் வருவது கரைசல் கலந்த பலவீனமான பகுதி. அதற்கென்றே கூடுதல் உயரத்துக்கு நிரப்பி, இறுகிய பிறகு அந்தத் தலையை உடைத்து எடுத்துவிடுவார்கள். பகலில் தூண் தலைகளை உடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, தவறாகக் கட்டியதை இடிக்கிறார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இவ்வளவு ஆழம் எதற்கு என்பதற்குத் திருச்சியில் ஒரு சான்று இருக்கிறது. திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த 1928ஆம் ஆண்டுக் கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் விழுந்தது. பக்கத்திலேயே புதிய பாலம் 2016இல் திறக்கப்பட்டிருந்ததால் பழைய பாலத்தில் வாகனங்கள் செல்லவில்லை. அதே மாதம் முக்கொம்பில் மேலணையின் மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் வரும்போது நீர்மட்டம் மேலே உயர்வதைத்தான் நாம் பார்க்கிறோம். அதே நேரத்தில் தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அடியில் மணலைத் தோண்டிக்கொண்டிருக்கும். தூண் அருகே இந்த அரிப்பு, ஆற்றின் சராசரி அரிப்பு ஆழத்தைப் போல இரண்டு மடங்கு வரை போகும் என்று வைத்துக்கொண்டுதான் இந்தியாவில் பாலங்களை வடிவமைக்கிறார்கள். வெள்ளம் வடியும்போது மணல் மறுபடி வந்து படிந்து குழியை மூடிவிடும் என்பதால் எவ்வளவு தோண்டியது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆற்று மணலை அள்ளி அள்ளிப் படுகையே தாழ்ந்துபோன இடத்தில், வடிவமைத்தவர் கணக்குப் போட்ட மண் அங்கே இருக்காது. பாலத்தருகே மணல் அள்ளுவதை வெறும் விதிமீறலாகப் பார்ப்பது போதாது. அது அடித்தளத்தையே அள்ளுவதற்குச் சமம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த காரணம் வெயில். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது தானே சூட்டை வெளிவிடும். கத்திரி வெயிலில் காய்ந்த ஜல்லியும் சூடான தண்ணீரும் சேர்ந்தால் லாரியில் வரும்போதே கான்கிரீட் சூடாக இருக்கும். பாலங்களுக்கான விதிமுறை, கொட்டும் நேரத்தில் கான்கிரீட்டின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்து மே மாத மதியத்தில் அது எளிதில் கைகூடாது. ஆகவே மாலையில் ஜல்லியில் தண்ணீர் தெளித்துக் குளிரவைத்து, கலவைக்குக் குளிர்ந்த நீரோ பனிக்கட்டியோ சேர்த்து, வெயில் இறங்கிய பிறகு வேலையைத் தொடங்குகிறார்கள். டெக் என்னும் மேல்தளத்துக்கு இது இன்னும் முக்கியம். அது அகலமாகவும் மெல்லியதாகவும் விரிந்து கிடப்பதால், வெயிலும் காற்றும் மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சி, கான்கிரீட் இறுகும் முன்பே மேலே மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். ஆடிக் காற்று வீசும் நாளில் இந்த ஆபத்து சித்திரை வெயிலைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம். இரவில் காற்று ஓரளவு தணிந்து ஈரப்பதமும் ஏறுவதால் மேற்பரப்பு நிதானமாக உலரும்.

டெக் போடும் இரவு ஒன்று வாய்த்தால் தவறவிடாதீர்கள். 30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 22 சென்டிமீட்டர் கனம் என்றால் 79 கன மீட்டர். பதின்மூன்று, பதினான்கு லாரி. கை போல மடங்கி நீளும் பூம் பம்ப் கான்கிரீட்டை எடுத்து ஊற்ற, கீழே நிற்பவர்கள் வாரிப் பரப்ப, ஒருவர் வைப்ரேட்டரை இறக்குவார். அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். வைப்ரேட்டரின் முனை கான்கிரீட்டுக்குள் போனதும் ஒலி கனத்துத் தாழும். சில நொடிகளில் மேலே வரும் காற்றுக் குமிழிகள் நின்று, பரப்பு பளபளத்து, ஒலியும் ஒரே சீராகும். அனுபவமுள்ளவர் அந்த இடத்தில் மெதுவாக வெளியே எடுப்பார். வெடுக்கென்று உருவினால் உள்ளே துளை நிற்கும்.

ஒவ்வொரு லாரியும் வந்தவுடன் சோதனைக்காரர் ஒரு கூம்பில் கான்கிரீட்டை நிரப்பிக் குத்தி, கூம்பைத் தூக்கிவிட்டு, அது எவ்வளவு சரிகிறது என்று ஸ்கேலால் அளப்பார். பிறகு 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் கொஞ்சம் எடுத்து வைப்பார். அவற்றை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்ப்பார்கள். இந்தச் சோதனை நடக்காமல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போனாலோ, கான்கிரீட் இறுகிவிட்டது என்று லாரிக்காரர் டிரம்முக்குள் குழாயால் தண்ணீர் விட்டாலோ, அது நல்ல சைட் அல்ல. கான்கிரீட்டை இளக்குவதற்கென்று இரசாயனக் கலவை இருக்கிறது. அதைப் பொறியாளர் பார்த்து அளந்து சேர்க்கலாம். தண்ணீர் விட்டால் இளகும், ஆனால் வலு போய்விடும். இரவு வேலையின் உண்மையான அபாயமாக நான் கருதுவது இதைத்தான்: மேற்பார்வை செய்ய வேண்டியவர் பன்னிரண்டு மணிக்கு மேல் தூங்கப் போய்விட்டால், விடியும் முன் பல லாரிகள் கணக்கில்லாமல் உள்ளே போய்விடும். இரவிலும் ஒரு பொறியாளர் நின்று பார்க்கும் வேலைதான் நம்பத்தக்கது.

வயல் நடுவே நடக்கும் டெக் வேலைக்கு இந்த ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பயிர் வளர்ந்து நிற்கும் பருவத்தில் ஃபோகஸ் விளக்கைப் போட்டவுடன் பச்சைத் தத்துப்பூச்சியும் குருத்துப்பூச்சியின் அந்துகளும் மொய்த்துவிடும். வேலை செய்பவர்கள் முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு பரப்பைத் தேய்ப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். விளக்கை ஓரமாகத் தள்ளி உயரத்தில் கட்டினால் பூச்சி ஓரளவு விலகும், நிழலும் குறையும். விடிந்த பிறகு அதே தளத்தில், நாற்றங்காலுக்குப் பாத்தி கட்டுவது போலச் சிறு சிறு வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கியிருப்பார்கள். அதை ஏறத்தாழ இரண்டு வாரம் வற்றவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

கர்டர் தூக்கும் இரவைப் பற்றிச் சற்றுச் சுருக்கமாகச் சொல்கிறேன். 30 மீட்டர் கர்டர் ஒன்று 50 டன்னுக்குக் குறையாது. அதை யார்டில் வார்த்து, உள்ளே செலுத்திய எஃகு வடங்களை ஜாக்கியால் இழுத்து முறுக்கேற்றி வைத்திருப்பார்கள்; அதனால் கர்டரின் நடுப்பகுதி மிக லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், அது குறையல்ல. அதை நீண்ட டிரெய்லரில் ஏற்றிப் பஸ் ஓடும் சாலையில் பகலில் கொண்டுவர முடியாது. அறுவடைக் காலமாக இருந்தால் சாலையில் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். இரண்டு கிரேன்கள் இரு முனைகளையும் பிடித்து ஒரே சீராகத் தூக்க வேண்டும். ஒன்று முந்தினால் எடை சமமாகப் பகிராமல் ஒரு கிரேனின் மேல் அதிகமாகச் சாயும். கையால் சைகை காட்டுபவர் ஒருவரே இருப்பார், இரண்டு கிரேன்காரர்களும் அவரை மட்டுமே பார்ப்பார்கள். மேலே வைத்த பிறகும், முதல் கர்டர் துணையின்றித் தனியாக நிற்கும் நேரம் முழுவதும் ஆபத்து நீங்கியதாகாது. ஒல்லியாகவும் உயரமாகவும் இருப்பதால் பக்கவாட்டில் சாயக்கூடும். முட்டுக் கொடுத்துக் கட்டிய பிறகே கிரேனின் கொக்கியைக் கழற்றுவார்கள். காற்று பலமாக இருந்தாலும், தை மாதத்தில் விடியற்காலை மூடுபனி இறங்கினாலும் வேலையை நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்துவதைச் சோம்பலாக எண்ணக் கூடாது.

எங்கே நின்று பார்ப்பது என்பதும் முக்கியம். உங்களுக்குப் பெரிய ஆபத்து பாலத்திலிருந்து வருவதைவிடச் சாலையிலிருந்தே வரும். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்காதீர்கள். பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நிற்பதும் கூடாது. ஆற்றின் எதிர்க்கரை நல்ல இடம்: முழுக் காட்சியும் தெரியும், கிரேனின் கை எட்டாது. தடுப்புக்குள் போக விரும்பினால் பகலில் சைட் அலுவலகத்தில் கேளுங்கள். குழந்தையோடு வந்து கேட்பவருக்கு ஹெல்மெட் கொடுத்து அழைத்துக் காட்டும் பொறியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். வடம் இழுக்கும் வேலை நடந்தால் கர்டரின் முனைக்கு நேர் எதிரே மட்டும் யாரும் நிற்கக் கூடாது. டார்ச்சைத் தரையில் அடித்து நடங்கள், கரையில் விரியன் நடமாட்டம் உண்டு. அந்த ஒளியைக் கிரேன்காரர் பக்கம் திருப்ப வேண்டாம். பக்கத்து வீடுகளில் தூக்கம் கெடுகிறது என்று சொல்கிறார்களாம். அந்தக் குறையும் நியாயமானதே. குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை விதிக்கப்பட்ட ஒலி அளவு 45 டெசிபல். ஜெனரேட்டரை ஆற்றின் பக்கமாகத் திருப்பி வைத்து அதைச் சுற்றித் தகரத் தடுப்புப் போட்டாலே பெரிய மாற்றம் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

ஜூனில் தண்ணீர் வந்த பிறகு ஆற்றுக்குள் வேலை நின்றுவிடும். அப்போது பாலத்தின் இரு முனைகளிலும் அணுகுசாலைக்கு மண் கொட்டும் வேலையைப் பாருங்கள். பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பாலம் ஆழமான பைல்களின் மேல் நிற்கிறது, அது அசையாது. அணுகுசாலை டெல்டாவின் மென்மையான களியின் மேல் பல மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது; அந்தச் சுமையில் களியிலுள்ள நீர் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியேற, சாலை இறங்கிக்கொண்டே போகும். பாலத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி தூக்கிப்போடுவது இதனால்தான். வயல் களியைக் கொண்டு மேடு கட்ட முடியாது என்பதால், வல்லம் பக்கம் இருப்பது போன்ற செம்மண் மேட்டுநிலத்து மண் லாரியில் வர வேண்டும். அதை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் அளவாகத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, அடர்த்தியைச் சோதித்த பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். முனைச் சுவரை ஒட்டிய இடத்தில் பெரிய உருளை நெருங்காது. அங்கே சிறிய இயந்திரத்தை வைத்து ஆள்கள் பொறுமையாக இடித்து இறுக்குகிறார்களா என்று பாருங்கள். மண் போட்ட மேட்டை ஒரு மழைக்காலமாவது இறங்கவிட்டு, அதன் பிறகு தார்ச் சாலை போடுகிறார்கள் என்றால், அந்த முனையில் உங்கள் வண்டி அவ்வளவாகத் தூக்கிப்போடாது.